பத்திரிகைக்காரர்களுக்குப் பரிசு வைத்துப் போன ஜோசப் புலிட்சர்

  

நமது இதழில் நபித்தோழர்கள், இமாம்கள், கொடைவள்ளல்கள் ஆகியோரின் சரித்திரங்களைப் படித்து வருகிறோம். இம்முறை நம் மார்க்கத்தையும் சேராத, நம் நாட்டையும் சேராத ஒருவரின் சரித்திரத்தை எழுத முன்வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

நமது கடை வாசலில் பத்திரிகைகளும் விற்பனைக்கு வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் இன்ன இன்ன நிருபர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது என்று மே மாத வாக்கில் அவற்றில் ஒரு செய்தி வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒருவன் அதைப் படித்துவிட்டு, இந்தப் பரிசை யார் கொடுக்கிறார்கள், பெயரை யார் எழுதிக் கொடுக்கிறார்கள், பணம் கட்டினால் கிடைக்குமா என்று ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்டான். மூன்றுக்கும் நம்மிடம் பதில் இல்லை. கடைக்கு வருகிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிய வருத்தம் நமக்கு இருந்தது. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பரிசுக்குப் பெயர் தந்தவர் ஜோசப் புலிட்சர் என்னும் பத்திராதிபர். யூத குலத்தில் பிறந்தவர். நல்ல பாடம் யாரிடம் இருந்தாலும் எடுத்துக்கொள்வது வியாபாரிக்குப் பழக்கமானதே. சரக்கு நல்லதா என்று பார்க்கிறோமே தவிர, அதைக் கொண்டு வந்த வண்டி யாருடையது என்று நாம் பார்ப்பதில்லை.

தானிய வியாபாரியின் மகன்

ஜோசப் புலிட்சர் 1847-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ந் தேதி ஹங்கேரி நாட்டில் மாக்கோ என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி, வசதியுள்ள குடும்பம். பிள்ளைகளுக்கு ஆசிரியர் வைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜெர்மன், பிரெஞ்சு பாஷைகள் அவருக்கு நன்றாக வந்தன. 1858-ல் தகப்பனார் இறந்தார். அதன் பின் வியாபாரம் நொடித்தது. தாயார் மறுமணம் செய்துகொண்டார். வீட்டில் தமக்கு இடமில்லை என்று பதினேழு வயதுப் பையன் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டான்.

ஆஸ்திரியப் பட்டாளத்தில் கேட்டார், மறுத்தார்கள். மெக்ஸிகோவுக்குப் போக இருந்த பிரெஞ்சுப் படையில் கேட்டார், மறுத்தார்கள். இந்தியாவுக்கு அனுப்ப ஆள் எடுத்த பிரிட்டிஷ் பட்டாளத்திலும் மறுத்தார்கள். பார்வை மங்கல், உடம்பும் நோஞ்சான் என்பதே எல்லாருடைய காரணமும். கடைசியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த முகவர் கண்ணில் பட்டார். 1864-ல் கப்பலேறி பாஸ்டன் துறையில் இறங்கினார். லிங்கன் பெயரால் அமைந்த குதிரைப் படையில் சில மாதங்கள் இருந்தார். அப்போது அவருக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியாது. அவர் இருந்த படையில் ஜெர்மன் பேசுகிறவர்கள் நிறைய இருந்ததால் காலம் தள்ள முடிந்தது.

போர் முடிந்தது, வேலையும் முடிந்தது. கையில் காசில்லாமல் செயின்ட் லூயி நகரத்துக்குப் போனார். கோவேறு கழுதைகளைப் பராமரித்தார். ஹோட்டலில் மேசை துடைத்துப் பரிமாறினார். கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தார். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிப் பட்ட பாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் நமக்குத் தோன்றவில்லை.

ஐந்து டாலர் மோசடி

இந்தக் காலத்தில்தான் ஒரு சம்பவம் நடந்தது. லூயிசியானா கரும்புத் தோட்டத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை என்று சொல்லி, ஆளுக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு ஒரு தரகன் பலரை நீராவிப் படகில் ஏற்றினான். புலிட்சரும் ஏறினார். நகரத்தைத் தாண்டிப் பல மைல் போனதும் எல்லாரையும் கரையில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. வேலையும் இல்லை, தோட்டமும் இல்லை. நடந்தே ஊர் திரும்பினார்கள். புலிட்சர் நடந்ததை நடந்தபடி எழுதி, அந்த நகரத்தில் ஜெர்மன் பாஷையில் வந்துகொண்டிருந்த வெஸ்ட்லிஷ போஸ்ட் என்னும் பத்திரிகைக்குக் கொடுத்தார். அது பிரசுரமாயிற்று. அவர் எழுதிப் பிரசுரமான முதல் செய்தி அதுவே என்று சொல்லப்படுகிறது.

ஏஜெண்டிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் நம் ஊர்களிலும் எத்தனையோ பேர். பெரும்பாலோர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம். அவர் எழுதினார். அந்த வேற்றுமையை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அந்நகரத்தில் வர்த்தகர்கள் சேர்ந்து நடத்திய ஒரு நூல்நிலையம் இருந்தது. ஓய்வு நேரமெல்லாம் அங்கே உட்கார்ந்து இங்கிலீஷும் சட்டமும் படித்தார். அங்கே இருவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு காய் நகர்த்தலைப் பற்றித் தம் அபிப்பிராயத்தைச் சொன்னாராம். ஆடியவர்கள் அதே ஜெர்மன் பத்திரிகையின் ஆசிரியர்கள். பேச்சு வளர்ந்தது, 1868-ல் அவருக்கு நிருபர் வேலை கிடைத்தது. ராப்பகல் பாராமல் உழைத்தார். 1869-ல் மிசௌரி மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. சட்டப்படி அந்த வயது போதாது. யாரும் அதைக் கிளறவில்லை.

அவர் குணத்தில் குற்றமும் இருந்தது. கோபக்காரர். 1870-ல் ஊழலைப் பற்றிய சச்சரவில் ஒரு கட்டிடக் கான்டிராக்டரைத் துப்பாக்கியால் சுட்டுக் காலில் காயப்படுத்தி, கோர்ட்டில் அபராதம் கட்டினார். பெரியவர் சரித்திரம் என்று சொல்லி இதை மறைத்தால் நாம் பொய்க் கணக்கு எழுதியவராவோம்.

ஏலத்தில் எடுத்த பத்திரிகை

1878 டிசம்பரில் செயின்ட் லூயி டிஸ்பாட்ச் என்ற பத்திரிகை திவாலாகி ஏலத்துக்கு வந்தது. புலிட்சர் 2,500 டாலருக்கு எடுத்தார். சில தினங்களில் போஸ்ட் என்ற மற்றொரு பத்திரிகையோடு அதைச் சேர்த்து போஸ்ட் டிஸ்பாட்ச் ஆக்கினார். சூதாட்டக் கூடங்களையும் லாட்டரி மோசடிகளையும் வெளிப்படுத்தினார். ஊர்ப் பணக்காரர்கள் வரிக்காகக் காட்டிய சொத்துக் கணக்கை அப்படியே அச்சிட்டார். மாளிகையில் இருப்பவர் காட்டிய சொத்து எவ்வளவு சொற்பம் என்பதை ஊரே பார்த்தது. இதைப் படிக்கும்போது நம்மில் சிலர் நாற்காலியில் நெளியக்கூடும். பரவாயில்லை.

1883-ல் நியூயார்க் நகரத்து வேர்ல்ட் பத்திரிகையை, ஜே கூல்ட் என்ற ரயில்வே முதலாளியிடமிருந்து 346,000 டாலருக்குத் தவணை பேசி வாங்கினார். நஷ்டத்தில் ஓடிய பத்திரிகை அது. தினம் 15,000 பிரதிகள்தாம் போய்க்கொண்டிருந்தன. ஓராண்டும் சில மாதங்களும் ஆவதற்குள் விற்பனை 1 லட்சத்தைத் தாண்டியது. கடல் கடந்து வந்த கூலிக்காரனும் படிக்கும்படி எளிய பாஷையில் எழுதச் செய்தார், படங்கள் போட்டார், கொலை, களவுச் செய்திகளைப் பெரிய எழுத்தில் போட்டு வாசகரை இழுத்தார், உள்ளே ஏழைகளின் குறைகளையும் அதிகாரிகளின் ஊழலையும் வைத்தார்.

அவர் பத்திரிகைக்காக நெல்லி பிளை என்ற பெண் நிருபர் 1887-ல் பைத்தியம் போல நடித்து, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் பத்து நாள் இருந்து, அங்கே நடந்த கொடுமைகளை எழுதினார். அதே பெண்மணி 1889-ல் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டு 72 நாட்களில் திரும்பினார். அந்தப் பிரயாணத்தில் கொழும்பிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். சிங்கப்பூரில் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் கடை வைத்திருந்த நம்மவர்கள் சிலர் அவரைப் பார்த்தும் இருப்பார்கள், யாரென்று அறியாமல்.

சில்லறைக் காசில் எழுந்த பீடம்

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையை நேயர்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிலை பிரான்ஸ் மக்கள் அன்பளிப்பு. அது நிற்பதற்கு வேண்டிய பீடத்துக்கு அமெரிக்காவில் பணம் சேரவில்லை. 1 லட்சம் டாலர் குறைந்தது. செல்வந்தர்கள் கைவிரித்தார்கள். 1885 மார்ச்சில் புலிட்சர் தம் பத்திரிகையில் வசூல் ஆரம்பித்தார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக அறிவித்தார். ஐந்து மாதத்தில் 1,20,000-க்கு மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். 1 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு.

தர்மத்தை மறைத்துக் கொடுப்பதே மேல் என்பது நமக்குப் போதிக்கப்பட்டது. அதனால் பெயர் போடும் முறையை நாம் முழுதும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பத்துக் காசு கொடுத்தவனையும் பதினாயிரம் கொடுத்தவனையும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்தில் போட்ட நேர்மை கவனிக்கத் தக்கது.

கண் போனது, பழியும் வந்தது

1890-ல், 43-ஆம் வயதில், பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நரம்புத் தளர்ச்சியால் சிறு சத்தமும் பொறுக்க முடியாமல் போயிற்று. அந்த ஆண்டுதான் அவருடைய பத்திரிகைக்குப் பொற்கூரை வைத்த மாபெரும் கட்டிடம் எழுந்தது. அதைத் திறந்த நாளில் அவர் அங்கே இல்லை. மீதி ஆயுளில் பெரும்பகுதியைச் சத்தம் புகாத அறைகளிலும் சொந்தக் கப்பலிலும் கழித்தார். காரியதரிசிகள் பத்திரிகைகளைப் படித்துக் காட்டுவார்கள். தந்தி மூலம் உத்தரவு போகும். ரகசியம் வெளியாகாதிருக்க 20,000 சொற்கள் கொண்ட சங்கேதப் புத்தகம் வைத்திருந்தார். தந்திக் காலத்து மொத்த வியாபாரிகளுக்கு இந்த வித்தை புரியும். 1897-ன் கடைசி நாளில் பதினேழு வயது மகள் டைஃபாய்டு ஜுரத்தில் இறந்தாள். பணம் மலைபோல் இருந்தது. அந்த மலையை அவரால் பார்க்கவும் முடியவில்லை, அதைக் கொண்டு மகளைக் காப்பாற்றவும் முடியவில்லை.

1895-ல் ஹெர்ஸ்ட் என்ற இளம் பணக்காரர் நியூயார்க்கில் ஜர்னல் பத்திரிகையை வாங்கிப் போட்டிக்கு வந்தார். புலிட்சரின் ஆட்களையே அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார். இருவரும் விற்பனைக்காக ஒருவரை ஒருவர் மிஞ்சும்படி செய்திகளை ஊதிப் பெரிதாக்கினார்கள். 1898-ல் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தபோது, காரணம் தெரியும் முன்பே ஸ்பெயின் மீது பழி போட்டு ஜனங்களைப் போர் வெறி கொள்ளச் செய்தார்கள். மஞ்சள் பத்திரிகை என்ற இழிசொல் இந்தப் போட்டியிலிருந்து பிறந்ததே. போர் முடிந்த பின் புலிட்சர் அந்த வழியிலிருந்து விலகி, பத்திரிகையைப் படிப்படியாக நிதானப்படுத்தினார். எடையில் ஏமாற்றியவன் பிறகு தராசைச் சரிசெய்தால் சரிசெய்ததைப் பாராட்டலாம். ஆனால் ஏமாற்றிய எடையும் கணக்கில் இருக்கத்தான் செய்யும்.

விற்காமல் போன பத்திரிகை

பத்திரிகை விற்கும் கடைக்காரர்கள் அறிய வேண்டிய ஒரு விஷயம். அக்காலத்தில் தெருவில் பத்திரிகை விற்றவர்கள் ஏழைச் சிறுவர்கள். நூறு பிரதிகளை 50 காசுக்கு எடுத்துப் பிரதி ஒரு காசுக்கு விற்பார்கள். மிஞ்சியது அவர்கள் நஷ்டம், திருப்பி எடுக்கமாட்டார்கள். போர்க் காலத்தில் விற்பனை கூடியபோது நூற்றுக்கு 60 காசாக ஏற்றினார்கள். போர் முடிந்ததும் மற்றப் பத்திரிகைகள் விலையைக் குறைத்தன. வேர்ல்டும் ஜர்னலும் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழைகளுக்காக எழுதிய பத்திரிகை, தன்னைச் சுமந்து விற்ற ஏழைக்குப் பத்துக் காசு விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் வேர்ல்டின் விற்பனை பாதிக்கும் கீழே போயிற்று. முடிவில் விலை 60 காசாகவே இருந்தது. ஆனால் விற்காத பிரதிகளை முழுப் பணத்துக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். சாயங்காலம் மிஞ்சிய கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் நமக்கு அந்தச் சிறுவர்கள் நினைவு வருகிறது.

1908-ல் பனாமா கால்வாய்க்காக அமெரிக்க அரசாங்கம் கொடுத்த 40 மில்லியன் டாலர் யார் கைக்குப் போனது என்று வேர்ல்ட் கேட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொதித்து, அரசாங்கத்தின் பேரிலேயே அவதூறு வழக்குத் தொடரச் செய்தார். கண் தெரியாத கிழவர் பணியவில்லை. 1911 ஜனவரியில் உயர்ந்த நீதிமன்றம் ஏகமனதாகப் பத்திரிகையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் தம் கப்பலிலேயே புலிட்சர் காலமானார். வயது 64.

வஸிய்யத்

புலிட்சர் பெரிய ஆசைகள் இரண்டை உயிலில் எழுதியிருந்தார். ஒன்று, வேர்ல்ட் பத்திரிகையை என்றும் விற்கக் கூடாது. மற்றொன்று, கொலம்பியா சர்வகலாசாலைக்குக் கொடுத்த 2 மில்லியன் டாலரில் பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் கலாசாலை ஏற்பட வேண்டும். அதில் 5 லட்சத்தின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் நல்ல பத்திரிகைப் பணிக்கும் நூல்களுக்கும் நாடகத்துக்கும் பரிசு கொடுக்க வேண்டும். பத்திரிகைத் தொழிலைப் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பிக்கலாம் என்று 1892-லேயே அந்தச் சர்வகலாசாலையிடம் சொன்னார். அப்போது வேண்டாம் என்றார்கள். பல ஆண்டு கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் ஆசை என்ன ஆயிற்று? 1931-ல் மக்கள் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று வேர்ல்டை விற்றுவிட்டார்கள். தனிப் பத்திரிகையாக அது மறைந்தது. பொற்கூரைக் கட்டிடத்தையும் 1955-ல் இடித்துவிட்டார்கள். செயின்ட் லூயி பத்திரிகையும் 2005-ல் குடும்பத்தை விட்டுப் போயிற்று. இரண்டாவது ஆசையோ 1912-ல் கலாசாலையாகவும் 1917-ல் பரிசாகவும் எழுந்து இன்றும் நடக்கிறது. கடையைத் தலைமுறை தலைமுறையாக நிறுத்த நினைத்தது இருபது ஆண்டில் போனது. பிறருக்கென்று ஒதுக்கியது நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. ஸதகத்துல் ஜாரியாவைப் பற்றி மதறஸாவில் ஓதிய நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெரிவு நடக்கும் விதம்

இனி அந்தப் பிள்ளையின் கேள்விகளுக்கு வருவோம். பெயரை யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? பத்திரிகை ஆபீஸ் அனுப்பலாம், எழுதியவரே தம் பெயரைத் தாமே அனுப்பலாம், சிபாரிசு வேண்டியதில்லை. ஆனால் பெயர் மட்டும் போதாது. சென்ற ஆண்டில் பிரசுரமான வேலையையே அத்தாட்சியாக வைக்க வேண்டும். பணம் கட்டினால் கிடைக்குமா? பணம் கட்டத்தான் வேண்டும், 75 டாலர். ஆனால் அது மேசை வரைக்கும் போகும் கூலி. மேசைக்கு மேலே பணம் பேசாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே நடுவர் குழு உண்டு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர். அவர்கள் வந்தவற்றைப் படித்து மூன்றைப் பொறுக்குவார்கள். முதலாவது, இரண்டாவது என்று வரிசை போடமாட்டார்கள். அந்த மூன்றும் பெரிய குழுவுக்குப் போகும். பெரிய குழுவில் சுமார் 18 பேர். ஒருவர் ஒன்பது ஆண்டுக்கு மேல் அதில் இருக்க முடியாது. அவர்கள் படித்து, விவாதித்து, பெரும்பான்மை வாக்கால் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். நடுவர்கள் கொடுத்த மூன்றையும் விட்டு வேறொன்றை எடுக்க வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றும் தகுதியில்லை என்று கண்டால் அவ்வாண்டு அந்தப் பரிசே இல்லை. பரிசை நிறுத்தி வைக்கவும் மாற்றவும் புலிட்சரே இடம் கொடுத்திருந்தார். தன் பத்திரிகையைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த அங்கத்தினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதைத்தான் நாம் மிகவும் மெச்சுகிறோம்.

பொதுஜன சேவைக்குப் பத்திரிகை ஸ்தாபனத்துக்குத் தங்கப் பதக்கம். மற்றவற்றுக்கு 15,000 டாலர். தொகை பெரிதல்ல. பெயர் பெரிது.

ஆயுள் முழுதும் செய்த பணிக்காகப் பெயர் பொறிக்கும் முறையும் உண்டு. செயின்ட் லூயி நகரத்து நடைபாதையில் புகழ்பெற்றவர்களுக்குப் பித்தளை நட்சத்திரம் பதிக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவராகவோ அங்கே வாழ்ந்து பணி செய்தவராகவோ இருக்க வேண்டும். செய்த பணி தேசம் முழுதும் பயன்பட்டிருக்க வேண்டும். பொதுஜனங்கள் பெயர் கொடுக்கலாம். தெரிவுக் குழு வாக்களிக்கும். கோவேறு கழுதை மேய்த்த புலிட்சருக்கும் அங்கே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. நம் பக்கத்திலும் மலேசியப் பத்திரிகைத் துறையின் உயர்ந்த பரிசு, 1943-ல் மறைந்த மலாய்ப் பத்திராதிபர் அப்துர் ரஹீம் காஜாய் பெயரால் வழங்கப்படுகிறது.

தவறிய இடம்

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் தவறு நடந்தது. 1980-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் ஒரு பெண் நிருபர், போதை மருந்துக்கு அடிமையான எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். 1981 ஏப்ரலில் அதற்குப் பரிசு கிடைத்தது. அவர் தம் படிப்பைப் பற்றிக் கொடுத்த விவரம் பொய்யென்று தெரிந்து விசாரித்தபோது, அந்தப் பையனே கற்பனை என்று வெளியாயிற்று. இரண்டே நாளில் பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் ஒரு விசேஷம்: அந்தக் கட்டுரை வேறு பிரிவுக்கு வந்தது. பெரிய குழு அதை இந்தப் பிரிவுக்கு மாற்றிப் பரிசு கொடுத்தது. இந்தப் பிரிவின் நடுவர்கள் அதைப் படித்துப் பார்க்கவே இல்லை. படிக்க வேண்டியவர் படிக்காமல் போன இடத்தில்தான் பொய் புகுந்தது.

நாம் கை தூக்கிய நாள்

இதையெல்லாம் எழுதும்போது நம் சொந்தக் கணக்கையும் திறக்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாராட்டு விழாவுக்கு ஆள் தெரிவு செய்யும் குழுவில் நாமும் உட்கார்ந்திருந்தோம். நம் சமூகத்துச் செய்திகளைக் கூலி வாங்காமல் பல்லாண்டு எழுதிவந்த ஒரு பெரியவரின் பெயர் வந்தது. விழாச் செலவில் பெரும்பங்கை ஏற்க முன்வந்த ஒரு முதலாளியின் பெயரும் வந்தது. பெரியவர் எழுதியவற்றை யாரும் மேசையில் கொண்டுவந்து வைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் கை தூக்கினோம். பொன்னாடை முதலாளிக்குப் போயிற்று. அந்த முதலாளி நமக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர். அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நாம் அன்று எழுந்து வெளியே போயிருக்க வேண்டியவர்கள். அடுத்த ஆண்டு பெரியவர் மவுத்தானார். ஜனாஸாவில் நாமும் நின்றோம். தொழுகையில் மனம் நிற்கவில்லை.

முதலாளி கெட்டவரல்லர், அவர் கொடுத்த பணமும் நல்ல காரியத்துக்கே செலவாயிற்று. கொடையாளிக்கு நன்றி சொல்வது வேறு, தகுதியைத் தெரிவு செய்வது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததே நம் தவறு. சாட்சி சொல்வது எப்படி அமானத்தோ, ஒருவரைத் தெரிவு செய்வதும் அப்படியே அமானத்.

ஆகவே அடுத்த மகாசபைக்கு நாம் பணிவோடு சில யோசனைகளை வைக்கிறோம். பாராட்டுக்குரியவர் பெயரை உறுப்பினர் எவரும், இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று இந்த இதழில் அறிவிக்க வேண்டும். பெயரோடு செய்த வேலையின் அத்தாட்சியும் வர வேண்டும். குழுவினர் அதைப் படித்த பிறகே கை தூக்க வேண்டும். உறவோ கொடுக்கல் வாங்கலோ உள்ளவர் அந்த நேரத்தில் எழுந்து போக வேண்டும். செலவு ஏற்பவருக்குத் தெரிவுக் குழுவில் இடம் இருக்கக் கூடாது. அவருக்கு நன்றியை வேறு மேடையில் தாராளமாகச் சொல்லலாம். தகுதியானவர் இல்லாத ஆண்டில் பொன்னாடை பெட்டியிலேயே இருக்கட்டும். துணி கெட்டுப் போகாது.

அந்தப் பிள்ளை இன்னமும் கடைக்கு வருகிறான். மூன்று கேள்விகளுக்கும் இப்போது பதில் சொல்லிவிட்டோம். நம் சங்கத்திலும் இப்படித்தானா என்று நான்காவதாக ஒன்று கேட்டான். அதற்கு மகாசபை முடிந்த பிறகு பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறோம்.

நம் நிய்யத்தை அல்லாஹ் சீராக்கி, உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் தவ்பீக்கை நம் எல்லாருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.